'ஒன்றும் தெரியாது' என்ற கட்டம்

என் மேசையின் இரண்டாவது லாச்சியில் ஒரு தாள் கிடக்கிறது. நாலாய் மடித்து, விரித்து, திரும்பவும் மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போன ஒரு விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கம். அதன் நடுவில் ஒரு கேள்வி: எபிரேய எழுத்தும் வேத நூல்களும் உங்களுக்கு எவ்வளவு தெரியும்? கீழே நான்கு கட்டங்கள். ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தெரியும், ஓரளவு தேர்ச்சி உண்டு, நல்ல தேர்ச்சி உண்டு. முதல் கட்டத்தில் நீலப் பேனாவால் ஒரு சரி. அதைப் போட்டவன் என் பெறாமகன், அதாவது அண்ணாவின் மகன். அழுத்திப் போட்டிருக்கிறான், தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கத்தில் தடிப்புத் தெரியும். அந்தச் சரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். யார்மேல் எரிச்சல் என்பதுதான் இடைக்கிடை மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

நான் படிவம் நிரப்புகிறவன். தொழில் அதுவல்ல. தொழிலுக்கு ஒரு கம்பனியில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைகிறேன். ஆனால் மெல்பேர்னில் எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது ஊரிலிருந்து தாயைக் கூப்பிட வேண்டும், வேலைக்கு மனுப் போட வேண்டும், பிள்ளைக்கு நல்ல பாடசாலை எடுக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விதி, படிவத்தில் 'இல்லை', 'தெரியாது' என்று எழுதக்கூடாது என்பது. பொய் எழுதமாட்டேன். இருக்கிறதைக் கொஞ்சம் நிமிர்த்தி எழுதுவேன். ஆறு மாதம் மச்சானின் கடையில் கொத்துரொட்டி போட்டவர் என் கைக்கு வந்தால் உணவுத் தயாரிப்பில் அனுபவமுள்ளவர் ஆகிவிடுவார். ஆங்கிலம் சுமார் என்று சொன்னவருக்கு 'நன்று' என்று போடுவேன். அவர் பதறினால், "நீங்கள் அங்க போய்ச் சேர முதல் எல்லாம் நல்லா வந்திடும், பயப்பிடாதேங்கோ" என்பேன். அதிகாரிக்கு முன்னால் ஒன்றும் இல்லாதவனாகப் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்தப் பழக்கத்துக்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அண்ணா எனக்கு முன்பே இங்கே படிக்க வந்தவர். மயக்க மருந்து டாக்டர். கூடப் படித்த ஒரு யூதப் பெண்ணையே கட்டினார். அண்ணி மெல்பேர்னிலேயே, கோல்ஃபீல்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் சின்னப் பிள்ளையாக ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். இரண்டு பக்கமும் ஊரை விட்டு ஓடிவந்த குடும்பம் என்பதாலோ என்னவோ, அந்த வீட்டில் எந்த ஊரின் கதையும் கிடையாது, எந்தச் சாமியும் கிடையாது. ஆங்கிலம் மட்டும்தான். ஒரே பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன், ஒரு தவணையோடு நின்றுவிட்டான். அவனுக்கு விருப்பமில்லை என்று அண்ணா சொன்னார், நானும் எல்லோருக்கும் அப்படியே சொன்னேன். அவனிடம் மிஞ்சிய தமிழ் மூன்று சொல்: சித்தப்பா, ஓம், போதும். ஆனால் தலையாட்டுவான். எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் யாராவது அன்ரி பிடித்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் தமிழில் கதைத்தாலும் இடம் பார்த்துத் தலையாட்டுவான், இடம் பார்த்துச் சிரிப்பான். த பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிப் போனால் ஐயர் நட்சத்திரம் கேட்பார், அதற்கும் தலையாட்டுவான். "பெடியனுக்கு எல்லாம் விளங்குது, கதைக்கத்தான் வெக்கம்" என்று நான் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுப்பேன்.

அவனுக்கு இருபத்துநான்கு வயதானபோது அண்ணியின் தகப்பனார் தவறிப்போனார். யூதர்களில் செத்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் ஒரு செபம் இருக்கிறது. கிழவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பேரன் சொல்வதென்று முடிவாயிற்று. அந்தச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு மட்டையை அவன் கையில் கொடுத்தார்கள். மயானத்தில் குழிக்குப் பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவன் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினான். நான்காவது சொல்லிலேயே தடக்கினான். திரும்பத் தொடங்கினான், ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். பின்னால் நின்ற ஒரு முதியவர் மெல்லமாக எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். முடிவில் அவர்கள்தான் சொன்னார்கள், அவன் வாயை அசைத்துக்கொண்டு நின்றான். நான் அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கதிரையில் வந்து உட்கார்ந்தான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். தாத்தாவின் ஆட்டைத் திவசம், அதுதான் முதல் வருட நினைவுநாள், வருகிறதல்லவா, அன்றைக்கு அந்தச் செபத்தை அவர்களுடைய எழுத்திலேயே பார்த்துத் தானே வாசிக்க வேண்டுமாம். வாசிப்பதோடு, என்ன சொல்கிறோம் என்றும் தெரிய வேண்டுமாம். அதற்கு ஒரு வருடம் வேலையிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு யெஷீவாவுக்குப் போகப்போகிறானாம். யெஷீவா என்றால் யூத வேதத்தையும் அதன் விளக்க நூல்களையும் தங்கியிருந்து படிக்கும் பாடசாலை. இங்கே உள்ளவை சின்ன வயதிலிருந்தே படித்து வந்த பெடியன்களுக்கானவை. வெளிநாட்டில், பெரும்பாலும் ஜெருசலேமில், ஆங்கிலத்தில் சொல்லித் தருகிற இடங்கள் இருக்கின்றன. "சித்தப்பா, எனக்கு எழுத்தே தெரியாது. என்னைப் போன்ற ஆளுக்கு ஏற்ற ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவீர்களா?" அண்ணாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "என்னட்ட ஏன் கேக்கிறாய்? நீதானே ஃபோம் நிரப்பிற ஆள்" என்று சொல்லிவிட்டு ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்த குடும்பம் நாங்கள், இவன் தேடிப் பிடித்துப் போகிற ஊரைப் பார் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். பிறகு கொம்பியூட்டரைத் திறந்தேன்.

அடுத்த இரண்டு மாதம் என் உயிர் போனது. உலகத்தில் உள்ள எந்த யெஷீவாவின் இணையத்தளமும் ஒன்றையேதான் சொல்கிறது: எல்லா மட்டத்தினரும் வரலாம், அன்பான வரவேற்பு உண்டு. சரி, எழுத்துத் தெரியாதவர் வரலாமா என்று கேட்டு எழுதினால் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்று பள்ளிக்கூடம் முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒன்றில் முதலே எல்லா அனுட்டானமும் கைக்கொள்கிறவராக இருக்க வேண்டும். இன்னொன்று ஆங்கிலத்தில் படிப்பிப்பதாகச் சொல்லி ஒரு வகுப்பின் ஒலிப்பதிவைப் போட்டிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன், ஆங்கிலம் என்று அதில் வந்தது 'ஆனால்', 'ஆகவே', 'பார்த்தீர்களா' ஆகிய மூன்றும்தான், மிச்சமெல்லாம் அவர்களுடைய மொழி. ஒரு இடம் வெள்ளிக்கிழமை அவர்களுடைய காலையில் கூப்பிடச் சொன்னது. கூப்பிட்டால் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு ஆயத்தம், ஞாயிற்றுக்கிழமை எடுங்கள் என்றது. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் பண்டிகை. இவ்வளவு பண்டிகை கொண்டாடுகிறவர்கள் எப்போதுதான் படிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தாயார் யூதர் என்பதற்கு அத்தாட்சி வேறு கேட்டார்கள். அதில் மட்டும் எனக்குக் குறை இல்லை. அத்தாட்சி கேட்டால் அத்தாட்சி கொடுக்கத் தெரிந்தவன் நான். அண்ணிதான் முகத்தைச் சுளித்தார். "என் அப்பா தான் யார் என்பதை நிரூபிக்க வேண்டாத ஒரு நாட்டைத் தேடித்தான் இங்கே வந்தார்" என்றார். பிறகு ஒரு பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் அவருடைய தாய் தகப்பனின் கல்யாணப் பத்திரம் இருந்தது. நான் நான்கு பிரதி எடுத்து, அத்தாட்சிப்படுத்தி, ஒன்றை அண்ணியிடமே கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் பெட்டிக்குள் மேலாக வைத்து மூடினார்.

கடைசியில் ஒரு அட்டவணை போட்டேன். எந்தெந்த இடம், எத்தனை மாதம், யார் படிப்பிக்கிறார்கள், எந்த மொழியில், எத்தனை மணித்தியாலம், என்ன சாப்பாடு. பெறாமகன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதைப் பார்த்துவிட்டு எதிலாவது ஒரு குறை சொல்வான். இந்தப் படத்தில் எல்லோரும் கறுப்புத் தொப்பி போட்டிருக்கிறார்கள் சித்தப்பா. இந்தப் படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை சித்தப்பா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட இவ்வளவு படம் பார்க்கமாட்டான். நானும் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எந்தப் படிப்பைத் தேடினாலும் முதலில் கேட்பதையே கேட்டேன். ஒரு யெஷீவாவின் குருவான ரபியிடம் தொலைபேசியில், உங்களுக்குள் முதலாம் இடத்தில் இருப்பது எது என்றேன். அந்த மனிதர் சிரித்தார். "யாருக்கு ஏற்ற முதலாம் இடம்?" என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு இடம் மிஞ்சியது. ஒன்று பழைய, பெரிய பெயரெடுத்த இடம். கல்லால் கட்டிய மண்டபம், நூற்றுக்கணக்கான பேர் மேசைகளில் இருந்து படிக்கும் படம். அதில் ஆங்கிலப் பிரிவு ஒன்று இருந்தது, ஆனால் ஓரளவு தேர்ச்சி உள்ளவர்களுக்கு மட்டும். மற்றது அதே ஊரில் ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த சின்ன இடம். இணையத்தளம் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். ஒரேயொரு படம், அதில் வழுக்கைத் தலையர் ஒருவர் குழந்தைகளின் எழுத்துப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே, எழுத்திலிருந்து தொடங்குகிறோம் என்று ஒரு வரி. பெறாமகன் அந்தப் படத்தைப் பார்த்ததும், "இது நல்லாயிருக்கிறது" என்றான். வழுக்கை விழுந்தவர் பிள்ளைகளின் புத்தகத்தோடு நிற்கும் இடத்தில் என்ன நல்லாயிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யூனிவேர்சிற்றியில் முதல் வகுப்பில் பாஸ் பண்ணின பிள்ளை. டாக்டரின் மகன். அவனைப் பாலர் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதா? அட்டவணையில் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினேன். பெரிய இடத்துக்குப் போட்டுப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் பிறகு யோசிக்கலாம் என்றேன். அவன் தலையாட்டினான்.

படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். என் வீட்டு மேசையில் இருந்து நீலப் பேனாவால் ஆறுதலாக நிரப்பினான். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினான். தாத்தா, மயானம், மட்டை, எல்லாம். அவன் போனபின் இரண்டு விரலால் தட்டித் தட்டி அதைக் கொம்பியூட்டரில் ஏற்றினேன். மூன்றாம் பக்கம் வந்தது. அந்தச் சரியைப் பார்த்தேன். இது என்ன பிள்ளை, தானே போய்த் தன் கழுத்தை நீட்டுகிறான் என்றுதான் எரிச்சல் வந்தது. கொத்துரொட்டிக்காரரை நிமிர்த்திய கைக்கு இது பெரிய வேலையே இல்லை. மூன்றாவது கட்டத்தை அமத்தினேன். ஓரளவு தேர்ச்சி உண்டு. போவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் எழுத்தைப் படித்துவிடமாட்டானா? அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பதறுவான், பதறுகிறவர்களுக்குச் சொல்லாமல் விடுவதும் என் தொழில்முறைதான். அவர்கள் ரெலிபோனில் ஒரு நேர்முகம் வைத்தார்கள். தேர்ச்சி படிவத்திலேயே இருந்ததால் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம், தாத்தாவைப் பற்றித்தான் கேட்டார்களாம். இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "தாங்ஸ் சித்தப்பா" என்றான். நான் பெருமையில் வீங்கிப்போய் நின்றேன்.

அந்த மூன்று மாதத்தில் அவன் எழுத்துப் படிக்கவில்லை. அங்கே போய்ப் படிக்கத்தானே போகிறேன் என்று வேலையை முடித்துக் கொடுப்பதிலேயே இருந்துவிட்டான். அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. தான் என்ன எழுதினான் என்பது அவனுக்குத் தெரியும். போய் முதல் ஒரு மாதம் எல்லாச் செய்திக்கும் பதில் ஒன்றுதான், எல்லாம் நலம். கோயிலில் சந்தித்தவர்களிடமெல்லாம் பெறாமகன் உலகத்தின் முதல் தரமான யெஷீவாவில் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிப் பேருக்கு யெஷீவா என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் முதல் தரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

ஆறாம் கிழமை ஒரு ஞாயிறு பின்னேரம் கூப்பிட்டான். அங்கே காலை. நான் குசினியில் நின்றேன், மனைவி தோசைக்குச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் தணிந்திருந்தது. அங்கே இரண்டு இரண்டு பேராகத்தான் படிப்பார்களாம், ஒரு நூலை நடுவில் வைத்து ஆளுக்கு ஆள் வாசித்து, உரத்துத் தர்க்கம் செய்து. அவனுக்குக் கொடுத்த ஜோடி ஐந்து வயதிலிருந்து இதையே படித்த ஒரு பெடியன். நல்லவன். அவன் வாசிப்பான், விளக்குவான், என்ன நினைக்கிறாய் என்று கேட்பான். என் பெறாமகன் தலையாட்டுவான். ஆறு கிழமை தலையாட்டினான். போன வியாழக்கிழமை அந்தப் பெடியன் நூலை மூடிவிட்டு, கோபமில்லாமல், "உனக்கு ஒரு எழுத்தாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். இவன் யெஷீவாவின் கந்தோருக்குப் போய் என் மட்டத்தை நான் முதலே எழுதியிருந்தேனே என்று சொல்ல, அவர்கள் படிவத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

"சித்தப்பா, நீங்கள் என்னுடைய பதிலை மாற்றினீர்களா?"

அது பெரிய விஷயமில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் உனக்கு அந்த இடம் கிடைத்திருக்காது என்று நான் மளமளவென்று சொல்லத் தொடங்கினேன். எனக்கே கோபம் வந்தது. இரண்டு மாதம் மாய்ந்தது யார், அத்தாட்சிப்படுத்தியது யார், பெண் பார்க்கிறவனுக்குப் போலப் படம் படமாகக் காட்டியது யார். நான் முடிக்கும்வரை அவன் கேட்டான். பிறகு, "தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் செய்தீர்கள்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவனுக்கு எட்டு வயது. சேர்க்கப் போன அன்று ரீச்சர், பிள்ளைக்குத் தமிழ் தெரியாதென்றால் பாலர் வகுப்பில் விடுவோம் என்றார். அங்கே ஐந்து வயதுக் குஞ்சுகள் இருந்தன. அண்ணாவின் பிள்ளையை அதுகளோடு இருத்துவதா என்று, "இல்லை ரீச்சர், அவனுக்கு நல்லா விளங்கும், கதைக்கத்தான் வெக்கம்" என்று சொல்லி மூன்றாம் வகுப்பு என்று நானே எழுதிக் கொடுத்தேன். இந்தக் கையால். "நான் பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்து எழுதினேன்" என்றான் அவன். "மற்ற எல்லோருக்கும் எதுவோ கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது, சித்தப்பா. அந்த எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக இருக்கும். எனக்கு விருப்பமில்லை என்று யார் சொன்னது?"

ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மனைவி அரைப்பதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டாள், சொன்னேன். "அந்தப் பிள்ளை எழுதினதை எழுதினபடி அனுப்ப வேண்டியதுதானே. நீங்கள் ஏன் கூட்டிப் போட்டனீங்கள்?" என்றாள். ஊருக்கெல்லாம் கூட்டித்தானே போடுகிறேன் என்றேன். "ஊராக்கள் வேலைக்குப் போறதுக்குப் போட்டவை. இவன் படிக்கவெல்லே போனவன். தெரியாததைப் படிக்கப் போற பிள்ளைக்குத் தெரியுமெண்டு போட்டால் அங்க அவன் என்னத்தைப் படிக்கிறது?" இவ்வளவு சாதாரணமான விஷயத்தை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே என்று அவள்மேலும் எரிச்சல் வந்தது. அன்றைக்கு என் பங்குக்குத் தோசை வேண்டாம் என்று சொன்னேன், பிறகு நான்கு சாப்பிட்டேன்.

அவன் ஒரு கிழமைக்குள் இடம் மாறினான். என்னைக் கேட்கவில்லை. என் அட்டவணையின் பிரதி ஒன்று அவனிடம் இருந்தது, அதில் சிவப்பால் வெட்டிய வரியின் விலாசத்தைப் பார்த்து நடந்தே போயிருக்கிறான். இருபது நிமிட நடைதானாம். கதவைத் திறந்தவர் அந்த வழுக்கைத் தலையர். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாராம், ஒன்றும் தெரியாது என்றானாம், நல்லது, உள்ளே வா என்றாராம். இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. அண்ணிக்குச் சொல்ல, அண்ணி எனக்குச் சொன்னார். நான்கு மாதம் அவனிடமிருந்து எனக்கு ஒரு செய்தியும் இல்லை. என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வந்துகொண்டுதான் இருந்தது. நான் நிரப்பினேன். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கை நின்று நின்று போனது. ஒருவர், "என்ன அண்ணை, கண்ணாடி மாத்த வேணுமோ?" என்று கேட்டார்.

ஆட்டைத் திவசம் வந்தது. அண்ணி வீட்டில் மேசைமேல் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு இருந்தோம். அண்ணாவும் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். திரையில் ஒரு சின்ன அறை, பத்துப் பன்னிரண்டு ஆண்கள், தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். நடுவில் எங்கள் பிள்ளை. கையில் மட்டை இல்லை, புத்தகம் இருந்தது. அவர்களுடைய எழுத்து வலமிருந்து இடம் போகும். விரலை எழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசித்தான். மெதுவாக. சில இடத்தில் நின்றான். பக்கத்தில் வழுக்கைத் தலையர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எடுத்துக் கொடுக்கவில்லை, ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே கூட்டி வாசித்து அடுத்த சொல்லுக்குப் போனான். ஒரு சின்னச் செபம், மற்றவர்கள் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள், அவனுக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவன் ஒருதரம்கூடத் தலையாட்டவில்லை என்பதை நான்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். இந்தச் சின்ன விஷயத்துக்குத்தானா பதினெட்டு நிரல் வைத்து அட்டவணை போட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அவன் அங்கேயே இன்னொரு வருடம் நிற்கிறான். போன மாதம் ஒரு செய்தி அனுப்பினான். சித்தப்பா, தமிழ் எழுத்துப் புத்தகம் ஒன்று அனுப்ப முடியுமா, நான் முதலில் தொடங்கியிருக்க வேண்டிய புத்தகம். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை, புத்தகம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டிருந்தான்.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புத்தகங்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கை நேரே மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குத்தான் போனது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். மேசையில் இருந்த ரீச்சர் இளம் பிள்ளை. பதியாதவர்களுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை என்று ஒரு படிவத் துண்டை நீட்டினாள். பெயர், வயது, வகுப்பு. இந்த நாட்டில் படிவம் இல்லாமல் எனக்கு ஒன்றும் நடக்காது.

"எத்தினை வயசுப் பிள்ளை, அங்கிள்?"

"இருபத்தைஞ்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. "தமிழ் கொஞ்சமாவது விளங்குமோ?"

விளங்கும், கதைக்கத்தான் வெக்கம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடம் சொல்லிப் பழகிய வசனம், தானாகவே வரும். நான் அதை விழுங்கினேன்.

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் தெரியாது."

"அப்ப பாலர் வகுப்பெண்டு எழுதுங்கோ. அழுத்தி எழுதுங்கோ அங்கிள், கீழ இருக்கிற காபன் கொப்பியிலயும் விழவேணும்."

அழுத்தி எழுதினேன். புத்தகத்தைத் திங்கட்கிழமை தபாலில் போட்டாயிற்று. எனக்குத் தந்த பிரதியை லாச்சியில் அந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். திருப்பித் தடவிப் பார்த்தேன், அவனுடைய சரி அளவுக்குத் தடிப்பு இல்லை.